அயலார் அடுப்பிலும் பொங்கல் பொங்குக!

தைத்திங்கள் முதல் நாள் தமிழர் இல்லந்தோறும் புதுப்பானை ஏறும், புத்தரிசி வேகும், பால் பொங்கி வழியும். பானை நிரம்பினால் மட்டும் போதாது. நிரம்பி வழிதல் வேண்டும் என்பதே இவ்விழாவின் உட்பொருள். தன் கலத்தின் அளவைக் கடந்து வழிவது எதுவோ அது பிறர்க்கு உரியது என்பதை உழவன் தன் முற்றத்தில் தீமூட்டிக் காட்டிய விழா இது. ஆயினும், ஒரு வீட்டில் பானை பொங்கி வழியும் அதே வேளையில், சுவருக்கு அப்பால் அடுப்பு அவிந்து கிடக்குமாயின், அங்கே நடப்பது பொங்கல் விழாவா, அன்றி ஒரு குடும்பத்தின் காலையுணவு மட்டுமா? தமிழர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

விழாக் காலத்தில் எளியவர்க்கு உதவுதல் இன்று இருவகையாற் கெட்டிருக்கின்றது. பலர் அதனை அடியோடு மறந்துவிட்டனர். மறவாத சிலரோ அதனைக் காட்சியாக்கிவிட்டனர். ஒரு கிலோ அரிசிப் பையைப் பதின்மர் கைகூட்டிப் பிடித்து நிற்க, அதனைப் பெறும் முதியவள் கூனிக்குறுகி நிற்க, ஒளிப்படம் எடுக்கப்படுகின்றது. அம்முதியவளின் வறுமை ஊரெங்கும் தட்டியில் தொங்குகின்றது. அரிசி மூன்று நாளில் தீர்ந்துவிடும். அந்தப் படமோ தீராது. இதனைக் கொடை என்று அழைப்பது அச்சொல்லுக்கே இழுக்காகும்.

தமிழ்மொழி இம்மயக்கத்திற்கு இடம் வைக்கவில்லை. பிறரிடம் ஒன்றைக் கேட்டற்குரிய சொற்களாக ஈ, தா, கொடு என மூன்றனைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்து எச்சவியலில் வகுத்துரைத்தார். இழிந்தோன் உயர்ந்தோனிடம் ‘ஈ’ என்பான். ஒப்போன் ஒப்போனிடம் ‘தா’ என்பான். உயர்ந்தோன் தன்னிற் கீழோனிடம் ‘கொடு’ என்பான். இல்லாமையால் ஒன்றைக் கேட்கும் நிலையிலும் கேட்பவனுக்கும் கேட்கப்படுபவனுக்கும் இடையே நிற்கும் உறவினை ஓரெழுத்தால் அளந்து காட்டிய மொழி இது. எனவே, உதவி செய்யப் புகும் தமிழன் தன்னைத்தானே வினவிக்கொள்ள வேண்டிய முதல் வினா, ‘எவ்வளவு தருகின்றேன்?’ என்பதன்று, ‘என் அயலான் என்னிடம் எச்சொல்லாற் கேட்கும்படி நடந்துகொள்கின்றேன்?’ என்பதே.

திருவள்ளுவரும் இவ்வேறுபாட்டை அதிகார வைப்பு முறையாலேயே உணர்த்தினார். ஒப்புரவறிதல் இருபத்திரண்டாம் அதிகாரம். ஈகை இருபத்துமூன்றாம் அதிகாரம். புகழ் இருபத்துநான்காம் அதிகாரம். ‘ஈ’ என்பார்க்கு விடையாவது ஈகை; ‘தா’ என்பார்க்கு விடையாவது ஒப்புரவு. ஒப்பு என்னும் சொல் அதனுள்ளேயே நிற்கின்றது. ஊரார்க்கு நீர் தரும் ஊருணியையும், ஊர் நடுவே பழுத்து நிற்கும் மரத்தையும், எவ்வுறுப்பும் மருந்தாகும் மரத்தையும் ஒப்புரவாளனுக்கு அவர் உவமை காட்டினார். ஊருணியில் நீர் முகந்தவர் பெயரை எவரும் எழுதி வைப்பதில்லை. பழமரம் தன் கனியைத் தின்றவனைக் கூப்பிட்டு நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வதுமில்லை. ஒப்புரவு முதலிலும், ஈகை அடுத்தும், புகழ் இறுதியிலும் வைத்தார் வள்ளுவர். இன்றோ புகழ் முன்னே நடக்கின்றது. அதன் பின்னே ஈகை தள்ளாடி வருகின்றது. ஒப்புரவு வழியிலேயே விடப்பட்டுவிட்டது.

விழாக்காலமே துயர்க்காலம்

இதனை ஏட்டளவில் பேசி முடிப்பதற்கில்லை. கடலூரும் தில்லையும் சூழ்ந்த நாட்டில் இஃது ஆண்டுதோறும் உயிரோடு மோதும் சிக்கல். ஏனெனில், அந்நாட்டில் விழாக்காலமும் துயர்க்காலமும் ஒன்றே. ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்க் காற்று மழையைக் கொணரும். நடவும் களையெடுப்பும் முடிந்து, சம்பா அறுவடை தொடங்காத இடைவெளியில் உழவுக் கூலியாளர்க்கு வேலை இராது. கடல் கொந்தளிக்கும் நாள்களில் மீனவர் படகு கரையிலேயே கிடக்கும். கூரை ஒழுகும், விறகு நனையும், அடகுக்கடைக்குச் செல்லாத அண்டா வீட்டில் இராது. அவ்வேளையில்தான் தீபாவளியும், கார்த்திகை விளக்கும், மார்கழித் திருவாதிரையும், கிறித்து பிறப்பு விழாவும், பொங்கலும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வேலை இல்லாத திங்களில் செலவுள்ள விழாக்கள்! கந்துவட்டிக்காரன் வாயிலில் கூட்டம் மிகுவது இதனாலேயே.

அண்மைக்கால வரலாறும் இதற்குச் சான்று. 2004 திசம்பர் 26 முழுநிலவு நாள்; மார்கழித் திருவாதிரையை ஒட்டித் தில்லையில் அடியார் திரண்டிருந்த காலம்; கிறித்தவர் விழாவின் மறுநாள். அன்று காலை ஆழிப்பேரலை கடலூர் மாவட்டக் கரையில் ஏறிற்று. தேவனாம்பட்டினம் தொடங்கிப் பரங்கிப்பேட்டைப் பக்கத்துப் புதுக்குப்பம் வரை மீனவர் ஊர்கள் சிதைந்தன. அம்மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 600 உயிர்கள் மாண்டன. பத்தொன்பதாம் நாள் பொங்கல்.

2011 திசம்பர் 30 காலை ‘தானே’ புயல் கடலூர்க்கும் புதுவைக்கும் இடையே கரை கடந்தது. பண்ணுருட்டி வட்டாரத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. நட்டுப் பல்லாண்டு காத்திருந்து பயன் காணவேண்டிய மரங்கள் ஒரே காலையில் விறகாயின. பதினாறாம் நாள் பொங்கல்.

2015 நவம்பர் 9-ஆம் நாள், தீபாவளிக்கு முதல் நாள், பெருமழையாற் காட்டாறு பெருகிப் பண்ணுருட்டியை அடுத்த விசூர், பெரியகாட்டுப்பாளையம் ஆகிய ஊர்களில் வீடுகளை வாரிச் சென்றது, பலர் மாண்டனர். 2024 நவம்பர் இறுதியில் ‘பெஞ்சல்’ புயல் கரை கடந்தது. அடுத்த ஓரிரு நாளில் தென்பெண்ணையில் வெள்ளம் பெருகிக் கடலூரின் தாழ்ந்த பகுதிகளை மூழ்கடித்தது. இருபதாண்டில் நான்கு பேரிடர். நான்கும் விழாக்களின் நடுவே.

கணக்கில் வராதவர்

அந்நாள்களில் தமிழர் கைகட்டி நின்றனர் என்று சொல்லுதல் பொய்யாகும். உதவி மலைபோற் குவிந்தது. ஆயினும் அம்மலை எங்கே குவிந்தது என்பதே வினா. ஆழிப்பேரலைக்குப் பின், நாடெங்குமிருந்து வந்த பழந்துணிகள் கரையோரச் சாலைகளில் எடுப்பாரின்றிக் கிடந்து மழையில் நனைந்து அழுகின. எல்லாம் இழந்தவனாயினும், பிறர் உடுத்துக் கழித்த கந்தலை உடுக்க அவன் உள்ளம் இசையவில்லை. தரத் தக்கது எது என்று பெறுபவனைக் கேளாமல் அனுப்பியதன் விளைவு அது. வீட்டுக் குப்பையை வெளியேற்றுதல் வேறு; பிறனுக்கு உதவுதல் வேறு. போகியன்று எரிக்க வேண்டியதை அயலூர்க்கு ஏற்றி அனுப்புவது ஒப்புரவு ஆகாது.

அதனினும் கொடியது ஒன்றுண்டு. துயர்துடைப்புப் பொருள்கள் பெரும்பாலும் மீனவர் ஊர்க்கூட்டங்களின் வழியே பங்கிடப்பட்டன. படகும் வலையும் உடையவன் இழப்புக் கணக்கில் ஏறிற்று. படகுக்காரனிடம் கூலிக்குச் சென்றவனும், உப்புநீர் ஏறிக் கெட்ட வயலில் நாற்று நட்டவளும், பிச்சாவரத்து உப்பங்கழிகளில் கையாலேயே இறால் தடவிப் பிடித்து வாழ்ந்த இருளரும் அக்கணக்கிற்கு வெளியே நின்றனர். ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புகளுக்கு உதவி பிந்தியும் குறைந்தும் சென்றதை மாந்த உரிமை அமைப்புகள் அந்நாளிலேயே எடுத்துக்காட்டின. புயலிலும் இதே முறைதான். சாய்ந்த மரத்திற்கு இழப்பீடு உண்டு. மரம் உடையவன் பெயர் பட்டாவில் உண்டு. அம்மரத்தடியில் முந்திரிக்கொட்டை பொறுக்கியும், கொட்டை உடைத்தும் கூலி பெற்ற பெண்ணுக்கு எந்த ஏட்டில் பெயர் உண்டு? இழக்க ஒன்றும் இல்லாதவனே அனைத்தையும் இழக்கின்றான். ஆயினும் இழப்புக் கணக்கில் அவன் இழந்தது சுழியமே.

அலை குலம் பார்த்து வரவில்லை. அலைக்குப் பின் வந்த அரிசி குலம் பார்த்தது என்றால், தமிழர் வெட்கித் தலைகுனிய வேண்டிய செய்தி அதுவன்றோ? பிச்சாவரத்தில் அடர்ந்து நின்ற அலையாத்திக் காடு, தன் பின்னிருந்த சிற்றூர்களுக்கு அலையின் கடுமையைத் தணித்தது என்று ஆய்வாளர் கண்டுரைத்தனர். வேரோடு வேர் பின்னி நிற்கும் அம்மரங்களிடம் உள்ள அயன்மை உறவு மாந்தரிடம் இல்லாமற் போவதா?

பழைய ஊர் வழக்கத்தைக் காட்டி, ‘அக்காலத்தில் பொங்கலுக்கு எல்லார்க்கும் கொடுத்தார்கள்’ என்று பெருமை பேசுவாரும் உளர். கொடுத்தது உண்மையே. களத்துமேட்டில் நெல்லும், பொங்கலன்று வேட்டியும், கரும்பும் கொடுத்தனர். ஆனால் எங்கே நிறுத்திக் கொடுத்தனர்? கொல்லைப்புறத்தில் நிறுத்தியன்றோ கொடுத்தனர்! ஆண்டு முழுதும் குறைத்து அளந்த கூலியில் ஒரு துளியைத் திருப்பித் தந்து, அதனையே அருள் என்று பெயரிட்டு, பெற்றவனை ‘ஈ’ என்று இரக்கும்படி வைத்த வழக்கம் அது. அதனைப் போற்றி மீட்க வேண்டுவதில்லை. விழாக்கொடைக்கு முன்னே நிற்பது முழுக்கூலி. வேலை வாங்கியவன் கூலியைப் பொங்கலுக்கு முன் தீர்க்காமல், பொங்கலன்று சர்க்கரை வழங்குவது கடனைக் கொடையாகக் காட்டும் ஏமாற்று.

அவியாத அடுப்பு

இவ்வெல்லாவற்றிற்கும் விடை அந்நாட்டின் மண்ணிலேயே இருக்கின்றது. தில்லையை அடுத்த மருதூரில் 1823-இல் பிறந்த இராமலிங்க அடிகளார், 1867 மே 23-ஆம் நாள் வடலூரில் அறச்சாலை கண்டு அடுப்பு மூட்டினார். அவ்வூர் மக்கள் ஏறத்தாழ எண்பது காணி நிலத்தை அதற்கென அளித்தனர். அன்று மூட்டிய தீ, ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அவியாமற் காக்கப்பட்டு வருகின்றது. அச்சாலைக்கு வடசொல்லாற் பெயர் அமைந்தது. ஆயினும் அடுப்பு பேசுவது பசியின் மொழி. அதனைத் தமிழன் எவனும் உரையின்றியே உணர்வான். தொடங்கிப் பத்தாண்டு நிறைவதற்குள் 1876-இல் தாது ஆண்டுப் பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தில் பரவி, 1878 வரை இலக்கக்கணக்கான உயிர்களைக் கொண்டுசென்றது. அடிகளார் 1874-லேயே மறைந்துவிட்டார். அவர் மூட்டிய அடுப்போ மறையவில்லை.

அவ்வடுப்பின் சிறப்புகளைத் தமிழர் கூர்ந்து காணல் வேண்டும். அது நாள் பார்த்து எரியும் அடுப்பன்று. தைப்பூசத்தன்று பெருங்கூட்டம் உண்ணும். மறுநாள் வரும் ஒற்றை வழிப்போக்கனுக்கும் அங்கே இலை உண்டு. வருபவனிடம் ஊரும், குலமும், சமயமும் வினவாமல் பசி ஒன்றையே கண்டு உணவிட வேண்டும் என்பது அடிகளார் தம் சீவகாருணிய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலில் வலியுறுத்திய நெறி. ஈவோன் ஒருவன், ஏற்போன் ஒருவன் என்னும் பிரிவு அங்கே மங்குகின்றது. ஒருவன் ஒரு மூட்டை அரிசியை இறக்கிவிட்டுச் செல்கின்றான், மற்றொருவன் காய் நறுக்குகின்றான், இன்னொருவன் உண்கின்றான். எவன் அரிசியை எவன் உண்டான் என்பது எவர்க்கும் தெரியாது. இதுவே ஊருணி! வள்ளுவர் உவமையாற் சொன்னதை வள்ளலார் அடுப்பாற் செய்து காட்டினார். சோறிட்டுப் பசி தீர்த்துச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக்கிய மணிமேகலையின் மரபு புகாரில் கடல்கோளோடு முடிந்துவிடவில்லை; வடலூரில் அது புகைகின்றது.

தனித்தமிழ் அன்பர்க்கு இதில் தனியுறவும் உண்டு. 1916-இல் பல்லவபுரத்தில் மறைமலையடிகள் தனித்தமிழ் நெறியை மேற்கொண்டதற்கு வித்தாயது வள்ளலாரின் பாடல் ஒன்றே. அதில் வந்த ‘தேகம்’ என்னும் வடசொல்லிருந்த இடத்தில் ‘யாக்கை’ என்னும் தமிழ்ச்சொல் நின்றிருந்தால் எத்துணை இனிமை என்று அடிகள் தம் மகளார் நீலாம்பிகையிடம் உரைத்தது தமிழுலகம் அறிந்ததே. அதே 1916-இல்தான் தில்லையில் சகசானந்த அடிகள் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கென நந்தனார் பெயரால் கல்விக்கழகம் தொடங்கினார். ஓரிடத்தில் சொல் மீட்கப்பட்டது. ஓரிடத்தில் மாந்தன் மீட்கப்பட்டான். இரண்டும் ஒரே விடுதலையின் இரு கைகள். ‘யாக்கை’ என்று தூய தமிழில் எழுதக் கற்றவன், அயலானின் யாக்கை பசியால் வாடுவதைக் கண்டும் காணாதிருப்பானாயின், அவன் காத்தது ஒலியைத்தான், பொருளையன்று.

அரசின் பையும் அயலானின் கையும்

‘அரசுதான் பொங்கல் தொகுப்பு தருகின்றதே, தனியார் உதவி எதற்கு?’ என்பாரும் உளர். அரசின் பணியை எள்ளுதல் தகாது. ம.கோ. இராமச்சந்திரன் ஆட்சியில் 1983-இல் தொடங்கிய விலையில்லா வேட்டி சேலைத் திட்டம் உடுத்துவோர்க்கு உடையும், நெய்வோர்க்கு வேலையும் தந்தது. பொங்கல் தொகுப்பில் கரும்பு சேர்ந்தால் கடலூர் மாவட்டத்தில் பன்னீர்க் கரும்பு பயிரிட்ட உழவன் பிழைப்பான். 2023 பொங்கலுக்கு முதலில் கரும்பு விடுபட்டபோது உழவர் எழுப்பிய குரலால் அது பின்னர்ச் சேர்க்கப்பட்டது. அட்டைக்கு உரியதைக் கேட்டுப் பெறுதல் குடிமகன் உரிமை; அங்கே தாழ்வு இல்லை.

ஆயினும் அரசு அட்டையைக் காணும், முகத்தைக் காணாது. சென்ற திங்கள் கணவனை இழந்தவளின் துயரம் அட்டையில் ஏறியிராது. வேற்றூரிலிருந்து செங்கற்சூளைக்கு வந்த குடும்பத்தின் அட்டை வேற்றூரில் கிடக்கும். சான்றிதழ் இன்றி அலையும் இருளர்க்கு அட்டையே இராது. மருத்துவமனையில் பிள்ளையைக் கிடத்தியிருப்பவன் வரிசையில் நிற்க இயலாது. இவர்களை அறிந்தவர் எவர்? அடுத்த வீட்டார் மட்டுமே. அரசுக்கு இல்லாத கண் அயலானுக்கு உண்டு. அக்கண்ணை மூடிக்கொண்டு அரசைக் கைகாட்டுவது அறமன்று.

இனிச் செய்யத் தக்கது

செய்ய வேண்டுவது அரிதன்று. முதற்கண், உதவி விழாவுக்கு முன்னே சென்று சேர்க. பரங்கிப்பேட்டையில் வாழும் தமிழ் இசுலாமியர் வழக்கம் இங்கு நோக்கத் தக்கது. நோன்புப் பெருநாள் தொழுகைக்கு முன்பாகவே, வீட்டிலுள்ளார் ஒவ்வொருவர்க்கும் இவ்வளவு கூலம் என அளந்து எளியவர்க்குச் சேர்த்துவிட வேண்டும் என்பது அவர் சமயக் கட்டளை. பெருநாளன்று எந்த ஏழையும் இரந்து திரியலாகாது என்பதே அதன் கருத்து. தமிழர் இதனைப் பொங்கலுக்குக் கொள்ளலாகாதா? பொங்கலன்று மிஞ்சிய சோற்றை மாலையில் கொடுப்பது மிச்சம் கழித்தல். போகிக்கு முன்பே அரிசியும், வெல்லமும், பாலுக்குக் காசும் சென்றால், அக்குடும்பம் தன் முற்றத்தில், தன் பானையில், தன் கையால் பொங்கலிடும். பசி தீர்வதோடு மதிப்பும் மீளும்.

இரண்டாவது, ஒவ்வொரு தெருவிலும் பொதுக்கலம் ஒன்று அமைக. முன்னோர் அறிந்த பிடியரிசி வழக்கம் இன்றும் பயன்படும். நாள்தோறும் உலையிடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே இட்டுவைத்தால், ஆடி தொடங்கி மார்கழி முடிவதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் சில படி சேரும். இருப்பவர் இடுக, இல்லாதவர் எடுக்க, சென்ற ஆண்டு எடுத்தவர் இவ்வாண்டு இயன்றால் ஒரு பிடி இடுக. பெற்றவனே ஈந்தவனாகவும் ஆகும்போதுதான் ‘ஈ’ என்னும் சொல் ‘தா’ என மாறும். பள்ளி மாணவர் இதனைத் திரட்டலாம். ஆனால் எந்த மாணவன் வீட்டிற்கு அரிசி சென்றது என்பதை மற்ற மாணவர் அறியலாகாது.

மூன்றாவது, தெருவின் எல்லை ஊரின் எல்லையாக விரிக. பொதுக்கலம் ஊரில் நின்று சேரியைத் தொடாது போமாயின், அதனை உடைத்தெறிவதே நன்று. நான்காவது, வாங்கும் பொருளும் அறமாகுக. பானை ஊர்க் குயவரிடமும், கரும்பும் மஞ்சளும் அண்டை உழவரிடமும் வாங்கப்படுக. விலை பேசாமல் வாங்கிய ஒரு மண்பானை, கொடை என்னும் பெயரில்லாத கொடையாகும். ஐந்தாவது, ஒளிப்படம் ஒழிக. தட்டி ஒழிக. ஈந்தவன் பெயரும் பெற்றவன் பெயரும் எழுதப்படாத ஏடே அறத்தின் ஏடு.

இவற்றிற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை; பெருங்கூட்டமும் வேண்டுவதில்லை. அடுத்த வீட்டில் புகை எழுகின்றதா என்று மார்கழி விடியலில் நிமிர்ந்து பார்க்கும் ஒரு கண் போதும். புகை எழாத வீட்டின் கதவைக் கொல்லைப்புறமாக அன்றித் தலைவாயில் வழியே தட்டும் ஒரு கை போதும். கடலும் புயலும் அடுத்த முறையும் வரும். விழாவை ஒட்டியே வரும். அவை வருமுன் அயலாரோடு அயலார் வேர் பின்னி நிற்றல் வேண்டும்.

தமிழர் தம் மொழியைக் காப்பது ‘தா’ என்னும் சொல்லை அகரவரிசையில் காப்பதனோடு முடிவதில்லை. அச்சொல்லைத் தலைநிமிர்ந்து சொல்லும் அயலானைத் தம் தெருவில் காப்பதே அச்சொல்லைக் காத்தலாகும். வரும் தைத்திங்களில் அதனைச் செய்து காட்டுக!